கொழம்புக்கு ஆவும்

வேலைக்குப் படிப்பு மட்டும் போதாது, ஆள் தெரிய வேண்டும் என்று பழவேற்காட்டில் சொல்லாத வாய் கிடையாது. அந்தப் பேச்சைக் கேட்டாலே மெஹருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அவளுக்கே பாரிமுனையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை கிடைத்தது எப்படி? பெரியவாப்பா அப்துல் லத்தீப்புக்குச் சென்னையில் வியாபாரக் கூட்டாளிகள் உண்டு. அவர்களில் ஒருவர், 'ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள், பெண்ணைப் பரீட்சை எழுதச் சொல்லுங்கள்' என்று காதில் போட்டுவைத்தார். பரீட்சையில் அவள் சொந்த மூளையால்தான் தேறினாள், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பரீட்சை நடக்கிற சேதியே காதில் விழாதவர்கள் மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், உப்புப் போட்டு ஊறவைப்பார்களா?

இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்ததில்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் அவளும் கௌஸ் மைதீனும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தார்கள். கௌஸ் அவளோடு பொன்னேரி கல்லூரியில் படித்தவன். எண்ணூர்ப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். ஏரிக்கரை ஊர்களிலிருந்து படித்து வேலைக்குப் போய்விட்டவர்கள் ஒரு பக்கம், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். வேலையில் இருக்கிறவர் ஆளுக்கொரு மாணவரை ஏற்றுக்கொள்வார். தன் ஆபீசுக்கு அழைத்துப் போய்க் காட்டுவார். எதிரே உட்கார வைத்து இண்டர்வியூ மாதிரிக் கேள்வி கேட்பார். தனக்குத் தெரிந்த நாலு பேரிடம் பெயரைச் சொல்லி வைப்பார். ஆள் தெரியாதவர்களுக்கு ஓர் ஆள், அவ்வளவுதான் திட்டம்.

யாருக்கு யார் என்பதில் முதல் வாரமே கைகலப்பு வரப் பார்த்தது. எல்லோருக்கும் பேங்க்கில் இருக்கிற அந்தோணிசாமிதான் வேண்டுமாம். கடைசியில் ஏரியின் வழக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஏரியில் வலை கட்டுகிறவர்களுக்குள் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இடத்தை ஒருவரே வளைத்துப் போட முடியாது. சீட்டுக் குலுக்கி, முறை வந்தவர்தான் அங்கே வலை இறக்கலாம். அதேபோல இங்கேயும் ஒரு டம்ளரில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். மெஹருன்னிசாவுக்கு வந்த சீட்டில் ராஜாத்தி என்று எழுதியிருந்தது.

ராஜாத்தி பி.காம். கடைசி வருஷம். ஏரிக்கு அக்கரையில் வீடு. வலையும் கிடையாது, 'பாடு' முறையில் பங்கும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். விடியலில் தாயோடு இறங்கித் தடவிவிட்டு, குளித்து, படகேறி, பஸ் பிடித்து, கல்லூரியில் முதல் பெஞ்சில் உட்காருகிற பெண்.

"எங்க குடும்பத்துல சீட்டுல பேரு வந்த மொத ஆளு நான்தான்க்கா" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே மெஹருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிடித்து என்ன பிரயோஜனம்? ராஜாத்தி போன முதல் இண்டர்வியூ பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீஸ். போன சுவட்டிலேயே திரும்பி வந்தாள். இரண்டாவது, மீஞ்சூரில் ஒரு மருந்து ஏஜென்சி. அங்கேயும் அதே கதை. கணக்கு கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்கிறாள், இங்கிலீஷும் தடுமாறாமல் வருகிறது. பிறகு எங்கே இடிக்கிறது என்று மெஹருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் படகுத்துறையில் ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்குப் பாப்போம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகேறிவிடுவாள்.

கௌஸ்தான் விசாரித்துக்கொண்டு வந்தான். மருந்து ஏஜென்சிக்காரர் அவனுக்குத் தெரிந்தவர்.

"பொண்ணு தங்கமான பொண்ணுதானாம். ஆனா படிப்பைத் தவிர இன்னாம்மா செஞ்சிருக்கேன்னு கேட்டா, ஒண்ணுமில்லைங்குதாம். எதுல கெட்டிக்காரின்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல சார்னுதாம். ஒண்ணுமில்லாத ஆளுக்கு எவன் மெஹரு சம்பளம் குடுப்பான்?"

"கூச்சம் கௌஸ். போகப் போகச் சரியாயிடும்."

"எப்ப? எங்க கம்பெனி ஸ்டோர்ஸ்ல கிளார்க் வேலை ஒண்ணு காலியாவுது. மேனேஜர்கிட்ட ஒரு ஆளை அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். என் வாய்க்கும் ஒரு மரியாதை வேணாமா? இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா, இவ முறை முடிஞ்சிது. அடுத்த ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் மெஹருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கூட்டத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த விதி, மூன்று தடவைக்கு மேல் ஒருவருக்கே வாய்ப்பைக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. காத்திருக்கிறவர்கள் வரிசையாக இருந்தார்கள்.

ராஜாத்திக்கு இது வெறும் வேலை மட்டும் இல்லை என்பதும் மெஹருக்குத் தெரியும். அவள் தங்கை சரோஜா பிளஸ் டூ முடித்திருந்தாள். அக்காளைவிடப் படிப்பில் சுட்டி. ஆனால் அவர்கள் அப்பா ராமன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பெரியவ படிச்சி இன்னாத்தக் கண்டா? அவளுக்கு ஒரு வேலை கெடச்சாத்தான் சின்னவளை காலேஜுக்கு அனுப்புவேன். இல்லாங்காட்டி ரெண்டு பேரும் தண்ணியில எறங்குங்க." காலேஜ் திறக்க இன்னும் கொஞ்ச நாளே இருந்தது.

இண்டர்வியூவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெஹர் ஒரு முடிவோடு அக்கரைக்குப் படகேறினாள். ராஜாத்தியை அவள் வீட்டிலேயே உட்கார வைத்து, வாயைப் பிடுங்கியாவது பேச வைத்துவிடுவது என்று. ஓடக்காரர் சின்னப்பன் அவளை இறக்கிவிட்டபோது, தடவப் போனவர்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். ராஜாத்தியும் அவள் அம்மா குப்பம்மாளும் நனைந்த புடவையோடு தண்ணீரிலிருந்து வந்தார்கள். இறாலைப் போட்டுக்கொள்கிற பனையோலைப் பை, அதைப் பறி என்பார்கள், ராஜாத்தியின் கழுத்தில் தொங்கியது. கனத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

கரையில் நின்ற பக்கத்து வீட்டு ஜெயம்மா, "இன்னாடி, நல்லா மாட்டிச்சா?" என்று கேட்டாள்.

"எங்கக்கா! பெருசா ஒண்ணுமில்ல" என்றாள் ராஜாத்தி. "ஏதோ, கொழம்புக்கு ஆவும்."

மெஹர் பறியை எட்டிப் பார்த்தாள். வெள்ளை இறால் வாய்வரை முட்டிக்கொண்டு, உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கே குழம்பு வைக்கலாம். ஜெயம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பார்த்துவிட்டு, "ஆவட்டும் ஆவட்டும்" என்று முகம் மலர்ந்து தலையாட்டினாள்.

"ஏன் ராஜாத்தி இப்படிச் சொல்றே? பறி நிறைய இருக்கே" என்றாள் மெஹர்.

ராஜாத்தி பதறிப்போனாள். "அக்கா, மெதுவாப் பேசுங்க! நெறைய கெடச்சுதுன்னு வாயால சொல்லுவாங்களா? கண்ணு பட்ரும். ஏரிக்கும் கோவம் வந்துரும், மறுநாள் ஒண்ணும் குடுக்காது. கெடச்சா கொழம்புக்கு ஆவும்னு சொல்லணும். தண்ணியில நிக்கறப்போ அதையும் பேசக் கூடாது, கரையேறித்தான்."

"நெஜமாவே ஒண்ணும் கிடைக்கலன்னா?"

"நாளைக்குப் பாப்போம்னு சொல்லுவோம்."

மெஹர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கூச்சம், பயம், கிராமத்துப் பெண் என்றெல்லாம் தான் போட்ட கணக்கை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ராஜாத்தி பயந்து ஊமையாகவில்லை. வக்கீல் ஆபீசிலும் மருந்து ஏஜென்சியிலும் அவள் மரியாதையாக, வளர்த்த முறைப்படி, நல்ல பெண்ணாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்! அந்தப் பதிலின் அர்த்தம் தெரிகிற ஆள்தான் எதிரே இல்லை.

அப்போது இறால் வியாபாரியின் ஆள் தராசோடு வந்தான். உடனே ராஜாத்தியின் குரலே மாறிவிட்டது. பறியைக் கவிழ்த்து, ஓர் இறாலை எடுத்து அவன் மூக்குக்கு நேராகக் காட்டினாள்.

"நல்லாப் பாருண்ணா. எல்லாம் வெள்ளை. ஒண்ணாவது செத்துக் கெடக்குதா? பொடி இறால் கலக்கல. நேத்து போட்ட வெலையைப் போட்டீன்னா பறியைத் தூக்கிக்கினு போய்க்கினே இருப்பேன்."

அந்த ஆள் சிரித்துக்கொண்டே அவள் கேட்ட விலையை ஒத்துக்கொண்டான். மெஹர் எழுந்து ராஜாத்தியின் ஈரத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடியே! அவன்கிட்ட மட்டும் ஏன் கொழம்புக்கு ஆவும்னு சொல்லல?"

"அவரு எடை போட வந்தவருக்கா. அவருகிட்ட போய் மறைச்சா, யாருக்கு நஷ்டம்?"

"அதேதான். இண்டர்வியூல எதிர்ல உக்காந்திருக்கிறவன் யாருன்னு நெனச்சே? ஜெயம்மாவா? எடை போட வந்தவன்டி! பறியைக் கவுத்துக் காட்டலன்னா அவன் எப்படி எடை போடுவான்?"

ராஜாத்தி தராசையும் மெஹரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா அக்கா, என் பறியில இன்னா கீது காட்டறதுக்கு?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் மறுநாள் காலை பஸ்ஸில் கிடைத்தது. மெஹர் தினமும் ஏறுகிற முதல் பஸ் அது. பொன்னேரியில் சென்னை ரயிலைச் சரியாகப் பிடித்துக்கொடுக்கும். ஒரு காலத்தில் இந்த பஸ் பொன்னேரிக்குள் நுழையும்போது ரயில் கிளம்பிக்கொண்டிருக்கும். மீன் கூடைக்காரிகளும் ஆபீஸ்காரர்களும் தலையில் அடித்துக்கொள்வார்கள். போன வருஷம் திடீரென்று நேரத்தை மாற்றினார்கள். டிப்போவுக்கு எப்படியோ புத்தி வந்துவிட்டது என்றுதான் மெஹர் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் கிழித்துக்கொடுத்த கண்டக்டர் பெருமாள், "ஏம்மா, அக்கரைப் பொண்ணு ராஜாத்திக்கு வேலை கெடச்சுதா?" என்று விசாரித்தார்.

"இன்னும் இல்லைண்ணே. உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டே! இந்த வண்டி இந்த நேரத்துக்கு ஓடறதே அதாலதான். டிப்போ மேனேஜர் ரூம் வாசல்ல போய் நின்னுச்சு. மொதல் நாள் தொரத்திட்டாரு. மறுபடி வந்துச்சு. மறுபடி தொரத்தினாரு. 'சார், நான் சொல்றத நம்ப வேணாம், ஒரு நாளு எங்ககூட வண்டியில வந்து பாருங்க'ன்னுச்சு. விடாம கூப்புட்டு, அந்த மனுசனை ஒரு நாள் காலையில இதே வண்டியில ஏத்திடுச்சு. கூடைக்காரிங்களை எல்லாம் வரச் சொல்லி வெச்சிருந்துச்சு. பொன்னேரி போய் எறங்கறோம், கண்ணெதிர்ல ரயிலு போவுது. கூடையில மீனு, ஐஸு ஒழுவுது. மேனேஜரு எல்லாத்தையும் பாத்தாரு. அடுத்த வாரம் நேரத்தை மாத்திட்டாரு."

மெஹர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக அந்தப் பெண் பிடித்துக்கொடுத்த பஸ்ஸில் ஏறிப் போய், அந்தப் பெண்ணுக்கே பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. இப்படி ஒருத்தியை டம்ளர் குலுக்கித் தனக்குக் கொடுத்ததே தன்னுடைய அதிர்ஷ்டம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் படகுத்துறையில் ராஜாத்தியைப் பிடித்து நிறுத்தி, "பஸ் விஷயத்தை ஏன்டி சொல்லல?" என்று கேட்டாள்.

"அது இன்னாக்கா பெரிய விசயம்? எல்லாருந்தான் வந்தாங்க."

"ராஜாத்தி."

"சரிக்கா. கவுத்துக் காட்டறேன்" என்றாள் அவள், சிரிக்காமல்.

இண்டர்வியூ அன்று மெஹர் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனாள். கம்பெனிக்குள் மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அறைக்கு ஆடுகிற பாதிக் கதவு, உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. முதலில் கணக்குக் கேள்விகள். ராஜாத்தி சறுக்காமல் போய்க்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பாழாய்ப்போன கேள்வி வந்தது. படிப்பைத் தவிர வேறு என்ன செய்திருக்கிறாய் என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார்.

மெஹர் மனசுக்குள் துஆ கேட்க ஆரம்பித்துவிட்டாள். சொல்லிவிடாதே, ஒண்ணுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

"தமிழ்ல சொல்லலாமா சார்?" என்ற குரல் கேட்டது.

"சொல்லும்மா."

ராஜாத்தி சொன்னாள். டிப்போ வாசலில் நின்றது, துரத்தப்பட்டது, மறுபடி போனது, டிப்போ மேனேஜரை பஸ்ஸில் ஏற்றியது, ஐஸ் ஒழுகினது எல்லாவற்றையும் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது, கூடைக்காரிகள் வந்த இடத்தில் நடுக்கம் போய்விட்டது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கடைசியில், "இதான் சார் நான் செஞ்சது. இன்னா பெறும்னு நீங்கதான் பாக்கணும்" என்றாள்.

மெஹருக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ வாட்ச்மேன் வந்து, இங்கே எல்லாம் உட்காரக் கூடாது, கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள் என்று விரட்டினான். வெயிலில் நின்றாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊதி, ஆட்கள் போய், திரும்பியும் வந்தார்கள். அதற்கப்புறம்தான் ராஜாத்தி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாச்சு?"

"வாங்கக்கா, ரயிலுக்கு நேரமாச்சு."

"சொல்லிட்டு நட."

"வழியில வேணாம்க்கா. கரைக்குப் போயிச் சொல்றேன்."

அவ்வளவுதான். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நல்ல சேதி என்றால் எந்தப் பெண்ணாவது இவ்வளவு நேரம் அடக்கி வைப்பாளா? மேனேஜர் கதையைக் கேட்டு ரசித்துவிட்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லியிருப்பார். தானே அவளை உசுப்பிவிட்டு, ஊர் வழக்கத்தையும் மீற வைத்து, அதுவும் பலிக்காமல் போயிற்றா? பெருமாளின் பஸ்ஸில் திரும்பும்போது மெஹர் கௌஸிடம் என்ன சொல்லி இன்னொரு தடவைக்குக் கெஞ்சலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

படகுத்துறையில் குப்பம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இறால் விற்ற வெறும் பறி அவள் கையில் இருந்தது. பக்கத்தில் சரோஜா. கொஞ்சம் தள்ளி ராமன், யாரையும் பார்க்காதவர் போல ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னப்பன் துடுப்பை நிறுத்திவிட்டார். ஜெயம்மாகூட வந்திருந்தாள்.

ராஜாத்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினாள். குப்பம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"போன காரியம் இன்னாச்சுடி?"

நாளைக்குப் பார்ப்போம் என்று வரப்போகிறது என்று மெஹர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கம்மா! பெருசா ஒண்ணுமில்ல" என்றாள் ராஜாத்தி. அவள் குரல் உடைந்தது. "ஏதோ, கொழம்புக்கு ஆவும்."

ஜெயம்மா, "ஆவட்டும் ஆவட்டும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராமன் ஏரியிலிருந்து பார்வையை எடுக்காமலே, "சரோஜா, நாளைக்கிக் காலையில வெரசா எழுந்துரு. காலேஜுக்குப் போயிட்டு வந்துரலாம்" என்றார். மெஹருன்னிசா மணலில் உட்கார்ந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், வாய்விட்டு அழுதாள்.